650 கிலோவுக்கு ஒரு கோட்டை

என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. எடை ஏறக்குறைய 650 கிலோ. சக்கரத்துக்கு 160 கிலோ சொச்சம். என் மச்சினன் ஒற்றைக் காலில் நின்றாலே அதில் பாதிக்கு மேல் தேறும். ஆனாலும் கார் ஷெட்டுக்குக் கான்கிரீட் தரை என்றதும் எனக்குள் ஓர் அணைக்கட்டு இன்ஜினீயர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“10 எம்.எம். கம்பி, அரை அடிக்கு ஒண்ணு, ரெண்டு அடுக்கு” என்றேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “லாரி ஏதும் வாங்கப் போறீங்களா சார்?”

எனக்கென்ன தகுதி என்கிறீர்களா? சிமென்ட்டுக்குள் கம்பி வைத்து 1867-ல் காப்புரிமை வாங்கிய பிரெஞ்சுக்காரர் ஜோசப் மோனியே ஒரு தோட்டக்காரர். அவர் செய்தது செடித் தொட்டி. நானும் வீட்டில் ரோஜா வைத்திருக்கிறேன்.

கம்பியின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 10 எம்.எம்.முக்கு 0.617. பத்துக்குப் பதினாறு அடி ஷெட்டுக்குப் போட்டுப் பார்த்தால், காரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கம்பியே வந்தது. “அதுக்குக் காரையே உள்ள வச்சுப் பூசிடலாமே” என்றாள் மனைவி.

உண்மையில் காரைத் தாங்குவது அடியில் திம்சு போட்டு இறுக்கிய மண்தான். கான்கிரீட் காயும்போது சுருங்கி விரிசல் விடும். அது வாய் பிளக்காமல் பிடித்துக்கொள்வதே கம்பியின் வேலை. நாலு அங்குலத் தரைக்கு வெல்டு மெஷ் என்கிற கம்பி வலையே தாராளம். ஆனால் அது மேல்பாதியில் இருக்க வேண்டும். தரையில் விரித்துவிட்டு, “ஊத்தும்போது கொக்கி போட்டுத் தூக்கிக்கலாம் சார்” என்கிறார்கள். கொக்கி போட்டு இழுப்பவர் நிற்பதே அந்த மெஷ் மேல்தான்! எனவே மெஷ்ஷை உயர்த்திப் பிடிக்க அடியில் கவர் பிளாக் வைத்து, குடை பிடித்து, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைக் கண்காணிக்கும் பெரியப்பா போல ஓரத்தில் நின்றேன்.

மறுநாள் கட்டர் வைத்து நடுவில் குறுக்கே ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு கிழிக்கச் சொன்னேன். “காசு குடுத்துப் போட்ட தரையைக் காசு குடுத்து வெட்டுறீங்களே” என்று மனைவி பதறினாள். விரிசல் எங்கே விழ வேண்டும் என்று நாமே சொல்லிவைக்கும் ஏற்பாடு அது. விழுந்தது, சொன்ன இடத்திலேயே! வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் ஷெட்டில் குந்தவைத்து, டார்ச் அடித்துக் காட்டுகிறேன்.

“அத்தான், ஊர்ல எல்லாரும் தரையைக் காட்டுவாங்க” என்றான் மச்சினன். “விரிசலைக் காட்டிப் பெருமைப்படுற ஒரே ஆள் நீங்கதான்.”