கட்டைவிரலுக்குப் பாதி எது? பயனர் கையேட்டுத் துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாட்சிமை பொருந்திய பயனர் கையேட்டுத் துறை, ஏடிவி உற்பத்தித் தொழில், வட அமெரிக்கா.

பொருள்: புதிய எஞ்சினைப் பழக்கும் காலம் – கையேட்டில் அரைப்பக்கம் மட்டும் ஒதுக்கியமை – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கையேட்டில் எச்சரிக்கைப் படங்களுக்கெல்லாம் அப்பால் உள்ள, எவரும் எட்டிப் பார்த்திராத பக்கம்.

ஏடிவி எனப்படுவது, இருபுறமும் கால்போட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பி, காற்றழுத்தம் குறைந்த நான்கு பருத்த டயர்களின் துணையோடு சேற்றிலும் மணலிலும் பனியிலும் ஓட்டத்தக்க வாகனம் என்று துறைக்கு எடுத்துரைப்பது கொல்லத் தெருவில் ஊசி விற்கும் முயற்சியே ஆகும். ஆயினும், அவ்வாகனத்தை வாங்கியோர் முதல் சில நாள்களில் அதை எவ்வாறு ஓட்ட வேண்டும் என்பதைச் சொல்லுமிடத்துத் துறை கைக்கொண்டுள்ள சொற்சிக்கனம், சங்கப் புலவரும் நாணத்தக்க அளவில் இருப்பதால், வாங்கியோர் தரப்பு இவ்விண்ணப்பத்தைப் பணிவுடன் முன்வைக்கிறது.

முதலாவதாக, காலக் கணக்கு. ஒரு நிறுவனத்தின் கையேடு பழக்கும் காலத்தை மணிக்கணக்கில் அளக்க, இன்னொன்று கிலோமீட்டரில் அளக்க, மற்றொன்று இரண்டு டேங்க் பெட்ரோல் தீரும் வரை என்று அறுதியிடுகிறது. முதல் பத்து மணி நேரம் த்ராட்டிலைப் பாதிக்கு மேல் தொடர்ந்து திறந்து வைக்கலாகாது, அடுத்த பத்து மணி நேரம் முக்காலுக்கு மேல் ஆகாது என்பது கையேடுகளில் காணப்படும் ஆணைகளுள் ஒன்று. த்ராட்டில் என்பது எஞ்சினுக்குள் புகும் காற்றின் அளவை ஆளும் தடுக்கு. ஏடிவியில் அதை இயக்குவது வலது கைப்பிடியை ஒட்டிய, கட்டைவிரலால் அழுத்தும் சிறு நெம்புகோல். அந்நெம்புகோலில் பாதி எது, முக்கால் எது என்று காட்டும் கோடோ புள்ளியோ கிடையாது. வாடிக்கையாளரின் கட்டைவிரல் பின்னக் கணக்கில் தேர்ச்சி பெற்றது என்று துறை கொண்டுள்ள நம்பிக்கைக்கு வாங்கியோர் தரப்பு தலைவணங்குகிறது.

அதனினும் பெரிய இக்கட்டு மணிமானியில் உள்ளது. எஞ்சின் ஓடும் நேரத்தை எண்ணிக்காட்டும் இக்கருவி, வண்டி மலையேறுகிறதா, கொட்டகையில் நின்றபடி உறுமுகிறதா என்று விசாரிப்பதில்லை. ஆகவே மினசோட்டாவில் ஒரு விவசாயி புதிய வண்டியை இருபது மணி நேரம் ஐடிலிங்கில், அதாவது சுமையின்றிக் குறைந்த சுழற்சியில், நிறுத்திவைத்தே கையேட்டின் ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிவிட முடியும். எஞ்சினுக்கு அதைவிடக் கெடுதலான இருபது மணி நேரத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

கெடுதல் நேரும் விதத்தைத் துறை அறியும், ஆனால் கையேடு சொல்வதில்லை. சிலிண்டரின் உட்சுவரில், ஹோனிங் எனப்படும் தேய்ப்பு வேலையால், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்ணிய கோடுகள் வேண்டுமென்றே இடப்படுகின்றன. அக்கோடுகளின் பள்ளங்களில் ஆயில் தங்க, மேடுகள் பிஸ்டன் ரிங்கின் விளிம்போடு உரசித் தேய, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும் நிகழ்வையே மெக்கானிக்குகள் ரிங் செட் ஆவது என்கின்றனர். ரிங்கின் சொந்த விறைப்பு இதற்குப் போதாது. எரிந்த வாயுவின் அழுத்தம் மேல் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரின்மேல் தள்ளினால்தான் உரசல் நிகழும், அவ்வழுத்தமோ எஞ்சின் சுமை இழுக்கும்போதுதான் உயரும். சுமையே காணாத எஞ்சினில் ரிங் சுவரை அழுத்திப் பிடிப்பதில்லை; ஆயில் அங்கேயே வெந்து கண்ணாடிபோல் வழவழத்த படலமாகிவிட, அதன்பின் எஞ்சின் ஆயில் குடிக்கும், நீலப் புகை கக்கும், பிரித்துப் போட்டு மீண்டும் ஹோனிங் செய்தாலன்றித் தீராது.

இவ்வளவையும் ‘தவிர்க்கவும்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் துறை அடக்கிவிட்டதன் விளைவாக, வாங்கியோர் இரண்டு சமயங்களாகப் பிரிந்துவிட்டனர். ஒரு சாரார் புதுவண்டியை நடைவேகத்திலேயே ஓட்டிப் பாழாக்குகின்றனர். மறுசாரார், மென்மை கூடாது என்று யாரோ சொல்லக் கேட்டு, முதல் நாளே முழு த்ராட்டிலில் விரட்டுகின்றனர். பின்னவர் பாதி சரியே: அழுத்தம் வேண்டும் என்பது மெய். ஆனால் இன்னும் தேயாத மேடுகளில் உராய்வுச் சூடு மிகுதியாதலால், அந்த அழுத்தம் சிறு சிறு வேகமெடுப்புகளாக, இடையிடையே த்ராட்டிலை விட்டுச் சூடு தணிய இடங்கொடுத்து, ஒரே சுழற்சியில் நீடிக்காமல் வரவேண்டும். சுவரின் கூர்முனைகளைத் தொழிற்சாலையிலேயே மழுக்கிவிடும் இன்றைய ஹோனிங் முறையால் இவ்வேலை பெரிதும் குறைந்துள்ளது என்பதையும் சேர்த்து, துறை இதை நான்கு வரிகளில் எழுதியிருக்கலாம்.

இடமில்லை என்று துறை விடையிறுக்கக்கூடும். அதில் நியாயமும் உண்டு. 1970-இல் ஹோண்டா அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய மூன்று சக்கர வண்டியும் அதைப் பின்பற்றி வந்தவையும் பலரைக் கவிழ்த்த பின்னர், 1988-இல் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டால் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது, எச்சரிக்கை வாசகங்களும் பெருகின. உயிரைக் காக்கும் வாசகங்களைக் குறைக்குமாறு எவரும் கோரவில்லை. ஆனால், கையேட்டுத் துறை முழு த்ராட்டிலைத் தடைசெய்யும் அதே நிறுவனத்தில் விளம்பரத் துறை புத்தம்புது வண்டியை மணல்மேட்டிலிருந்து வானில் பறக்கவிட்டுப் படம்பிடிப்பதைக் காணும்போது, இரு துறைகளும் தேநீர் வேளையிலேனும் சந்திப்பதுண்டா என்ற ஐயம் எழுகிறது.

ஆயில் பற்றியும் ஒரு சொல். முதல் ஆயிலை விரைவில் மாற்றச் சொல்வதற்குக் காரணம், தேய்ந்த மேடுகளின் உலோகத் துகள்கள் அதில் மிதப்பதே. சில மாடல்களில் கியரும் கிளட்சும் எஞ்சினின் அதே ஆயிலில் குளிப்பதால், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக்குறியீடு, கிளட்சை வழுக்கவிடாத ஆயிலைக் காட்டவே உள்ளது. கையேடோ குறியீட்டை மட்டும் அச்சிட்டு, காரணத்தை அரசாங்க இரகசியம்போல் காத்துவருகிறது.

ஆதலின், நெம்புகோலில் பாதிக்கு ஒரு கோடு இழைக்கவும், ஐடிலிங்கில் கழிந்த மணிகள் பழக்கக் கணக்கில் சேரா என்று அறிவிக்கவும், ‘தவிர்க்கவும்’ என்ற சொல் வருமிடமெல்லாம் ‘ஏனெனில்’ என்ற சொல்லுக்கும் இடமளிக்கவும் துறையினர் கருணைகூர வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
புதிய எஞ்சின்களை வாங்கியோர் தரப்பு.

இணைப்பு: முதல் ஆயிலை வடித்தபோது கிடைத்த உலோகத் துகள், ஒரு சிட்டிகை.

நகல்: விளம்பரத் துறை – வானிலிருந்து இறங்கியதும் படித்துப் பார்க்க.