டாங்கிள் படலம்

பழைய லேப்டாப்காரரை அடையாளம் காண்பது சுலபம். நம் வீட்டுக்கு வருகிறவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று சுவரைத் துழாவினால் அவர்தான். அவருடைய லேப்டாப்பிலும் பேட்டரி உண்டு. எடைக்காக மட்டும் உண்டு. சார்ஜர் ஒயரில் யாராவது கால் இடறினால் லேப்டாப் அணைந்துவிடும். அவர் நம்மைப் பார்க்கிற பார்வையில் நாமும் அணைந்துவிடுவோம்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ மின்வாரியத்திலோ காப்பீட்டு அலுவலகத்திலோ முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். லேப்டாப் 2004-இல் வாங்கியது. விலை 58,000 ரூபாய். அந்தத் தொகையை நாம் கேட்க வேண்டியதே இல்லை, அவரே சொல்லிவிடுவார். அவர் சொன்ன மறுநிமிடம் சமையலறையிலிருந்து இன்னொரு குரல் வரும்: "அப்போ பவுன் ஐயாயிரத்துக்குள்ளே இருந்துச்சு. பன்னெண்டு பவுன் வாங்கியிருக்கலாம்." இருபது வருடமாக நடக்கும் இந்த உரையாடலில் இரண்டு தரப்பும் ஒரு எழுத்தை மாற்றியதில்லை. பவுன் விலை மட்டும்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அம்மாவின் குரலும் அதற்கேற்ப உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

பன்னிரண்டு பவுனுக்குச் சமமான பொருளை யாராவது தூக்கிப் போடுவார்களா? 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்கூட அவர் கணக்கில் "இப்போ வந்த புது மாடல்".

இவர் வாழ்க்கையில் வைஃபை என்ற பிரச்சினை நுழைந்தது மகன் மூலமாக. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தவன் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு போட்டு, நான்கு கொம்பு வைத்த ரௌட்டர் ஒன்றை அலமாரி மேல் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டான். போன் இணைந்தது, டிவி இணைந்தது, ஹாலில் இருக்கும் ஏசிகூட இணைந்தது. லேப்டாப் மட்டும் இணையவில்லை.

லேப்டாப் மேல் குற்றம் சொல்வதும் சரியில்லை. 2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்று முத்திரை குத்தி, சிப்பும் வைஃபை அட்டையும் சேர்ந்த லேப்டாப்களுக்கு வழிவிட்டபோது உள்ளே இருந்த அட்டையின் வேகம் நொடிக்கு 11 மெகாபிட். அன்றைக்கு அது ராஜ வேகம். இன்றைய ரௌட்டர் கேட்கிற டபிள்யூ.பி.ஏ.2 என்கிற பூட்டு 2004-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்தக் காலத்து அட்டைகள் பலவற்றுக்கு அதன் சாவி தெரியாது. ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிற சமிக்ஞையோ அவற்றின் காதிலேயே விழாது. அவற்றுக்குக் கேட்பதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்.

இதை மகன் போனில் பொறுமையாக விளக்கினான். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார்: "அப்போ ரௌட்டர்ல பழைய பூட்டையே போட்டுடேன்." பழைய பூட்டு என்றால் டபிள்யூ.இ.பி. ஓரளவு விவரம் தெரிந்த பையன் சில நிமிடங்களில் உடைத்துவிடக்கூடியது. ஒரு லேப்டாப்புக்காக வீடு முழுவதையும் திறந்துபோடச் சொல்கிறாரே என்று மகன் பதறினான். அவர் தரப்பில், வீட்டில் விலை அதிகமான பொருள் எதுவோ அதற்கேற்ப மற்றவை நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் வாதம்.

அப்புறம் ரிச்சி தெரு.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் இந்தச் சந்துகளில் கிடைக்காத மின்னணுச் சாமான் இல்லை என்பார்கள். நம்மவர் சனிக்கிழமை காலை, ஏதோ ஒரு வருடத்துக் கருத்தரங்கில் கொடுத்த பையில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கிளம்பிவிடுவார். ஆட்டோ கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் அது வைஃபை செலவில் சேர்ந்துவிடும். பஸ் டிக்கெட், டீ, மசால் வடை இவையெல்லாம் எந்தச் செலவிலும் சேராது.

"வைஃபை போடணும்ப்பா."

"யு.எஸ்.பி. டாங்கிள் தரவா சார்? நானூறு ரூபா."

"பி.சி.எம்.சி.ஐ.ஏ. கார்டு இல்லையா?"

கடைப் பையன் திரும்பி முதலாளியைப் பார்த்தான். தலை நரைத்த முதலாளி எழுந்தே வந்துவிட்டார். "அந்தப் பேரைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு சார்!" அடுத்த அரை மணி நேரம் அங்கே வியாபாரம் நடக்கவில்லை. கார்டின் விளிம்பில் தங்க நிறப் பட்டை இருந்தால் அது 32 பிட் கார்ட்பஸ், பட்டை இல்லாவிட்டால் 16 பிட், முன்னதைப் பழைய துளைக்குள் செருகவே முடியாது என்று ஒருவருக்கொருவர் தெரிந்ததையே சொல்லி மகிழ்ந்தார்கள். பையன் இரண்டு வாடிக்கையாளர்களைத் தானே கவனித்து அனுப்பினான். கடைசியில் பரண்மேல் இருந்த ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து 54 மெகாபிட் கார்டு ஒன்று வெளியே வந்தது. 200 என்றார் முதலாளி, 150-க்கு முடிந்தது. 2003-இல் வந்த 802.11ஜி வகை அது. அதாவது லேப்டாப்பைவிட நல்ல குலம்.

வீட்டுக்கு வந்து செருகினால் கார்டு இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு பச்சை விளக்கைச் சிமிட்டியது. "டிரைவர் வேண்டும்" என்றது விண்டோஸ் எக்ஸ்பி. டிரைவர் ஒரு சின்ன வட்டத் தகட்டில் இருந்தது. சி.டி. தட்டு திறக்கவில்லை. குண்டூசி விட்டுத் திறந்தால், தகடு சுற்றியது, படிக்கவில்லை. டிரைவரை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று தகட்டின் உறையில் போட்டிருந்தார்கள். இணையம் வருவதற்காகத்தான் டிரைவர் என்பதை உறை அச்சடித்தவர் யோசிக்கவில்லை. டிரைவர் வந்தால் நெட் வரும், நெட் வந்தால் டிரைவர் வரும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற அதே கதை.

மற்றவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துவிடுவார்கள். இவருக்கு இங்கேதான் முகம் மலரும். அடுத்த சனிக்கிழமைக்கு வேலை கிடைத்துவிட்டதே!

நானூறு ரூபாய் டாங்கிளும் வந்தது. நகத்தளவுதான் இருந்தது. இவற்றில் சில ரொம்பச் சாமர்த்தியமானவை. செருகியதும் முதலில் தன்னை ஒரு சி.டி. டிரைவ் என்று அறிமுகம் செய்துகொள்ளும், டிரைவரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும், அதை நிறுவிய பிறகுதான் வைஃபையாக மாறும். நல்ல ஏற்பாடு. ஆனால் வயிற்றுக்குள் இருந்தது விண்டோஸ் 7-க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்குமான டிரைவர். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே கடைசி மரியாதை செய்துவிட்டது. அந்தச் செய்தி நம்மவருக்கும் தெரியும். "அவங்க நிறுத்தினாங்க, நாம நிறுத்தலையே" என்பார்.

மூன்றாவது வழி அறுவை சிகிச்சை. லேப்டாப்பின் அடிவயிற்றைத் திறந்து, பழைய மினி பி.சி.ஐ. அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டையைப் போடுவது. கறுப்பு ஒயர் ஒன்று, வெள்ளை ஒயர் ஒன்று. அவற்றின் முனையில் கடுகளவு பித்தளைக் கொண்டை. அதை அட்டையில் அழுத்திப் பொருத்தக் கண்ணாடி போட்டு, அதன் மேல் பூதக்கண்ணாடி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு மதியம் உழைத்தார். பொருந்தியது. மின்சாரம் கொடுத்தார். கறுப்புத் திரையில் 1802 என்ற எண்ணும், அனுமதி பெறாத நெட்வொர்க் அட்டை செருகப்பட்டிருக்கிறது, அதை அகற்றவும் என்ற அர்த்தத்தில் ஒரு ஆங்கில வாக்கியமும் வந்தன. லேப்டாப் மேற்கொண்டு நகரவில்லை. சில கம்பெனிகள் தாங்கள் அங்கீகரித்த அட்டைகளின் பட்டியலை பயாஸுக்குள் எழுதி வைத்திருந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாத அட்டைக்கு உள்ளே இடமில்லை.

"என் காசு போட்டு வாங்கினது. என் வீட்ல இருக்கு. என்கிட்டயே அனுமதி கேக்குதா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அட்டையைக் கழற்றிப் பழையபடி மூடினார். மூடிய பிறகு மேஜைமேல் மூன்று ஸ்க்ரூ மிச்சம் இருந்தன. "கம்பெனில எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்" என்று அவற்றை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தார்.

நடுவில் சுலபமான வழிகளே வரவில்லையா என்றால், வந்தன. ரிச்சி தெரு முதலாளியே சொன்னார்: "உங்க லேப்டாப்ல லேன் போர்ட் இருக்குல்ல சார்? லேன் துளை உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் ஒண்ணு ஆயிரத்து சொச்சத்துக்கு வாங்கி சுவத்துல மாட்டிடுங்க. அது வைஃபையை வாங்கி ஒயர்ல குடுக்கும். லேப்டாப்புக்கு எந்த டிரைவரும் வேணாம்." அப்பழுக்கில்லாத யோசனை. எக்ஸ்பியானாலும் அதற்கு முந்தியதானாலும் வேலை செய்யும். நம்மவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ வைஃபை வந்தது அந்தப் பெட்டிக்குத்தானே? லேப்டாப்புக்கு இல்லையே."

பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு வைஃபையோடு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் இருக்கிறது என்று பையன் ஆரம்பித்தான். முதலாளி கண்ணாலேயே அவனை அடக்கினார்.

மாடி வீட்டு எஞ்சினியரிங் மாணவன் வந்து எக்ஸ்பியை எடுத்துவிட்டு லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதற்கே ஒரு வாரம் ஆயிற்று. அந்தக் காலத்துப் பென்டியம் எம் சிப்புகளில் சிலவற்றுக்கு பி.ஏ.இ. என்கிற வசதி உள்ளே இருக்கும், ஆனால் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளாது. லினக்ஸ் கேட்டால் இல்லை என்றுவிடும். அதட்டிக் கேட்க ஒரு தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். போட்டு முடித்ததும் பையன் தன் போனை ஒரு கேபிளால் லேப்டாப்பில் சொருகி, யு.எஸ்.பி. டெதரிங் என்பதைத் தட்டினான். போன் வைஃபையை வாங்கி கேபிள் வழியாகக் கொடுத்தது. லேப்டாப்பில் இணையம் ஓடியது. "அவ்ளோதான் அங்கிள். உங்க போன்லயும் இது இருக்கு. பைசா செலவில்லை."

அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு பவுனும் ஒரே மூச்சில் போனமாதிரி வாடிவிட்டது. மலிவு என்றால் அவருக்கு உயிர். மலிவில் தேடல் உண்டு, பேரம் உண்டு, வீட்டில் வந்து சொல்லிக்கொள்ள ஒரு தொகை உண்டு. இலவசத்தில் என்ன இருக்கிறது? "ஒயர் இருக்கேப்பா இதுல" என்றார் ஈனசுரத்தில். "ஒயர்லெஸ்னா ஒயர் இருக்கக் கூடாது இல்லையா?" பையனிடம் பதில் இல்லை. ஆனால் நல்ல பிள்ளை, நிலைமையைப் புரிந்துகொண்டான். "ஏ.ஆர். 9271-னு ஒரு ஏதெராஸ் சிப் இருக்கு அங்கிள். லினக்ஸ்ல தனியா டிரைவரே கேட்காது. ஆனா கிடைக்கிறது கஷ்டம்."

கிடைப்பது கஷ்டம்! நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தக் கஷ்டம் உண்மையானதுதான். ஒரே கம்பெனி, ஒரே மாடல் எண், ஒரே டப்பா. முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப் இருக்கும், இரண்டாம் பதிப்பில் சத்தமில்லாமல் ரியல்டெக் ஆகியிருக்கும். டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். கடை கடையாக ஏறி, டப்பாக்களைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடியால் படித்தார். "சிப் பேரெல்லாம் தெரியாது சார், எந்தக் கலர் டப்பா வேணும் சொல்லுங்க" என்றவர்களை மன்னித்தார். கடைசியில் கிடைத்தேவிட்டது. 650 சொன்னார்கள், 520-க்கு வாங்கினார்.

செருகினார். ரௌட்டரின் பெயர் திரையில் தெரிந்தது. கடவுச்சொல்லை அடித்தார். இணைந்தது. சமையலறையிலிருந்து அம்மாவே கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். முதல் காரியமாகத் தன் வங்கியின் தளத்தைத் திறந்தார் நம்மவர். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று எச்சரிக்கை வந்தது. மாடிப் பையன் எட்டிப் பார்த்தான். லேப்டாப் கடிகாரத்தில் தேதி 2004 ஜனவரி 1. உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 என்கிற காசு வடிவ பேட்டரி செத்துப்போயிருந்தது. பெரிய பேட்டரியும் இல்லாததால், பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் லேப்டாப் வாங்கிய வருடத்துக்கே திரும்பிவிடுகிறது.

"தேதியைக் கையால மாத்திட்டாப் போதும் அங்கிள்" என்றான் பையன்.

"தினமும் மாத்த முடியுமா? பேட்டரியே மாத்திடலாம்" என்று அவர் மாத்திரை டப்பாவைத் தேடத் தொடங்கியிருந்தார். "சனிக்கிழமை ரிச்சி தெருவுல வாங்கிடறேன். முப்பது ரூபாதான்."

"ஏங்க, அந்தக் காசு பேட்டரிதானே?" என்றார் அம்மா. "தெருமுனை வாட்ச் கடையிலேயே தொங்குதே."

"அங்கே முப்பத்தஞ்சு."