தமுக்கு அடித்தே திவாலானவர்கள்

1996. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஆபீஸ். ஊழியர் காபி குடிக்க எழுந்து போகிறார். மவுஸை யாரும் தொடவில்லை என்று தெரிந்ததும் கணினித் திரைக்குச் சாமி வந்துவிடுகிறது. நடுவில் தலைப்புச் செய்தி, கீழே ஓடும் பங்கு விலை, ஓரமாக வானிலை, மூலையில் நெளியும் விளம்பரம். காபி முடிந்து வந்தவர் வேலையைத் தொடவில்லை, நின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்.

அந்தச் சாமியின் பெயர் பாயின்ட்காஸ்ட். கிறிஸ்டோபர் ஹாசெட் என்பவர் 1992-இல் தன் சகோதரருடன் ஆரம்பித்த கம்பெனி. செய்தியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம், அதுவே வாசலுக்கு வரும் என்பதுதான் வாக்குறுதி. வாசகர் காசு தர வேண்டாம், விளம்பரதாரர் தருவார். இதற்கு ‘புஷ்’ என்று பெயர் சூட்டினார்கள். 1997 மார்ச்சில் ‘வயர்டு’ பத்திரிகை இந்தப் புஷ்ஷை அட்டையிலேயே போட்டு, பிரவுசருக்குப் பால் ஊற்றிவிட்டது. (பிரவுசர் இன்றும் சௌக்கியம்.)

பெயர்தான் புஷ், உள்ளே நடந்ததோ யாசகம். யாரும் எதையும் தள்ளவில்லை. ஒவ்வொரு கணினியும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை சர்வர் கதவைத் தட்டி, “ஏதாச்சும் வந்திருக்கா?” என்று கேட்கும். ஆபீஸில் இருநூறு பேர் இருந்தால் இருநூறு கணினியும் அதே செய்தியைத் தனித்தனியே சுமந்துவரும். நொடிக்கு 1.5 மெகாபிட் லைன் வைத்திருந்தாலே பணக்கார ஆபீஸ் என்ற காலம் அது. லைன் விழி பிதுங்கியது. முதலாளியின் ஈமெயில் நகரவில்லை, ஆனால் பக்கத்து ஊரில் மழை வருமா என்பது இருநூறு திரைகளில் தெரிந்தது. நெட்வொர்க்கைக் கவனிக்கும் ஆசாமிகள் பாயின்ட்காஸ்டை ஒவ்வொரு ஆபீஸாகத் தடை செய்தார்கள். ஒரே பிரதியை வாங்கி உள்ளுக்குள் பங்கிட்டுக்கொள்ள கம்பெனியும் ஒரு சர்வர் மென்பொருள் கொடுத்துப் பார்த்தது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது.

இந்த அழகில், 1997 தொடக்கத்தில் பத்திரிகை அதிபர் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் 45 கோடி டாலருக்குப் பெண் கேட்டு வந்ததாகச் செய்தி. பேச்சு இழுத்தது, சம்பந்தம் முறிந்தது. 1998-இல் பங்கு வெளியிடப் போய், கடைசி நேரத்தில் வாபஸ். 1999-இல் கைமாறிய விலை சுமார் 70 லட்சம் டாலர். 45 கோடிக்கு வந்த வரனை விட்டுவிட்டால் இப்படித்தான்.

மைக்ரோசாஃப்டும் நெட்ஸ்கேப்பும் இதே ‘புஷ்’ தமுக்கை ஆளுக்கொன்று தூக்கின. விண்டோஸ் 98 மேசையில் ஓர் ஓரமாக ‘சேனல் பார்’ என்று ஒன்று நிற்கும். அதைச் சொடுக்கிய ஒரு மனிதரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. 2001-இல் மைக்ரோசாஃப்ட் ‘ஹெயில்ஸ்டார்ம்’ என்று இன்னும் பெரிதாக யோசித்தது: உங்கள் நாட்காட்டி, முகவரிப் புத்தகம், எச்சரிக்கைகள் எல்லாம் எங்கள் பெட்டியில் இருக்கட்டும், எந்தக் கடைக்காரரும் எங்கள் வழியாகவே உங்களைக் கூப்பிடட்டும். கடைக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: “எங்க வாடிக்கையாளருக்கு நீங்க எதுக்கு நடுவுல?” அடுத்த வருஷமே கடை கட்டியாயிற்று.

ஆடம்பரமில்லாத கூகுள் அலர்ட்ஸ்தான் பிழைத்துக்கிடந்தது. 2003-இல் வந்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால், அது எங்காவது தட்டுப்பட்டதும் மெயில் போடும். பாதிப் பேர் கொடுத்தது சொந்தப் பெயரைத்தான் என்பது என் ஊகம், நானும் கொடுத்தேன். என் பெயருடைய ஒரு பல் டாக்டரின் வாழ்க்கை எனக்கு இப்போது அத்துப்படி.

கடைசியில் தமுக்கைப் பிடித்தவர் போன் தயாரிப்பவர். 2008 செப்டம்பரில் தருகிறோம் என்று சொன்ன ஆப்பிள், ஐபோன் நோட்டிஃபிகேஷனை 2009 ஜூனில்தான் தந்தது. அறிவிப்பு வரும் என்ற அறிவிப்புக்கே ஒன்பது மாதத் தாமதம். 2015-இல் குரோமும் வலைத்தளங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. சமையல் குறிப்பு பார்க்கப் போனால், ரசத்துக்கு முன்னால் “அறிவிப்பு அனுப்பலாமா?” என்று பெட்டி வந்து நிற்கிறது. அன்றைய நெட்வொர்க் ஆசாமியின் உத்தியோகத்தை இன்று என் கட்டைவிரல் பார்க்கிறது, சம்பளமில்லாமல்.