இரண்டு மீட்டர் சட்டம்

பாய்மரப் படகில் பசிபிக் பக்கம் போகிறேன் என்றதும் ஊரில் எல்லாரும் சுறாவைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். ஒரு சுறாவும் என்னைச் சீந்தவில்லை. மற்றவை அப்படி விடவில்லை.

பனாமாவிலிருந்து கலாபகஸ் தீவுகளுக்குப் போகும் வழியில், ராத்திரிக் காவலில் இருந்த என் கன்னத்தில் இருட்டிலிருந்து பளாரென்று ஓர் அறை. டார்ச் அடித்தால் கோலா மீன். நாகப்பட்டினத்தில் பேரம் பேசி வாங்குகிற மீன், இங்கே தானாக வந்து விழுகிறது. பெரிய மீன் துரத்தினால் துடுப்பை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே பாயுமாம். பாய்ந்த வழியில் என் முகம் இருந்திருக்கிறது.

பிறகு சிவப்புக்கால் பூபி என்ற கடற்பறவை. அணியத்துக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. கை தட்டினோம், வேடிக்கை பார்த்தது. கேப்டன் துடைப்பத்தை நீட்டினார்; துடைப்பத்தில் ஏறி உட்கார்ந்தது. விடிவதற்குள் ஜோடியையும் அழைத்து வந்துவிட்டது. அவற்றின் எச்சத்தைக் கழுவுகிற பொறுப்பு, படகில் கடைநிலை ஊழியனான எனக்கு.

கலாபகஸில் நுழைவது லேசல்ல. பூச்சிமருந்து அடித்த சான்றிதழ் கேட்பார்கள். முக்குளிப்பவர்கள் படகின் அடியில் புகுந்து பார்ப்பார்கள். பாசியோ சிப்பியோ ஒட்டியிருந்தால், நடுக்கடலுக்குப் போய்ச் சுரண்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். நியாயம்தான். வெளியிலிருந்து வந்த ஆடுகள் பெருகி, இசபெலா தீவில் அவற்றை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு ஒழிக்க வேண்டியிருந்ததே!

அங்கே இன்னொரு சட்டம்: எந்த விலங்கிடமிருந்தும் மனிதர் 2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தொடக்கூடாது, தீனி போடக்கூடாது. விலங்கு மனிதரைவிட்டு எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. சான் கிறிஸ்டோபால் துறையின் கடல் சிங்கங்களுக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரியும்.

நங்கூரம் போட்ட ராத்திரியே ஒன்று அமரத்துப் படியில் ஏறி, காக்பிட் மெத்தையில் படுத்துவிட்டது. குறட்டையாவது பரவாயில்லை. அந்த மீன் நாற்றம்! கேபின் வாசலிலிருந்து அதன் மீசைக்கு ஒரு முழம்கூட இல்லை. வெளியே காலெடுத்து வைத்தால் சட்டமீறல். கேப்டன் ஸ்பானிஷில் கெஞ்சினார். நான் டவுன் பஸ் அனுபவத்தில், "அம்மா, கொஞ்சம் தள்ளிப் படும்மா" என்றேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, மூடிக்கொண்டது. மறுநாள் படிக்கட்டை அடைத்து ரப்பர் ஃபெண்டர்களைக் கட்டினோம். அவற்றைத் தலையணையாக வைத்துக்கொண்டது.

தண்ணீர் டாக்ஸி பிடித்துக் கரைக்குப் போனோம், கொஞ்சம் நிம்மதியாக உட்காரலாமென்று. கடற்கரைச் சாலையின் பெஞ்சுகளில் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். 2 மீட்டர் தள்ளி, நின்றபடியே ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.