அரை ஸ்பூன் சர்க்கரை

வாரப் பத்திரிகைச் சிறுகதையில், காதலன் கைவிட்ட பெண்ணுக்கு என்ன ஆகும்? உங்களுக்கே தெரியும். மழை பெய்யும். கத்திரி வெயிலிலும் பெய்யும். தலையணை நனையும். இதுவரை நனைந்த தலையணைகளைப் பிழிந்தால் போதும், மேட்டூரைத் திறக்க ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டாம்.

பிறகு அவன் வருவான். ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையோடு, கூச்சமே இல்லாமல். இவள் என்ன செய்வாள்? காபி போடுவாள். நுரை ததும்ப, டபராவோடு. "சர்க்கரை அரை ஸ்பூன்தானே?" என்பாள். அந்த அரை ஸ்பூனில் கதாசிரியர் உருகிப்போவார். புன்னகைத்தாள் என்று எழுதி மூன்று புள்ளி வைப்பார். கெட்ட வார்த்தை விழுந்திருக்க வேண்டிய இடம் அது.

அவனுடைய பைக்குக்கு அவள் கட்டிய தவணை? கதையில் வராது. எனக்குத் தெரிந்த ஒருத்தி முதலில் கேட்டதே அதைத்தான். பஸ் ஸ்டாப்பில், நாலு பேர் பார்க்க, உரக்க. அழுதாள்தான். கேட்டு வாங்கி, எண்ணிப் பார்த்த பிறகு அழுதாள். இதை எழுதிக் கொடுங்கள். "கேரக்டர் கொஞ்சம் கசக்குதே சார்" என்று திரும்பி வரும். எதிர்ப்பக்கத்தில் மகளிர் தின வாழ்த்து, குக்கர் கம்பெனி உபயம்.

ஆணுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. தாடி உண்டு, பாட்டில் உண்டு, நானூறு பக்க நாவல் உண்டு. அரிவாளையே தூக்கினாலும் நாளிதழ் அவனைக் கைவிடாது. 'ஒருதலைக் காதல் விபரீதம்' என்று போடும். வெட்டியவனுக்குத் தலைப்பிலேயே காதல். வெட்டுப்பட்டவளுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்.

கேட்டால், பொறுமைதான் தமிழ்ப் பெண்ணின் மரபு என்பார்கள். எந்த மரபு? அகநானூறு 256-ஐப் புரட்டட்டும். கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்துகொண்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்தான். அவை கூடியது. சாட்சிகளை விசாரித்தது. அவனை மரக்கிளையில் இறுகக் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டியது. அவையே ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தைப் புலவர் உவமையாக்கிவிட்டார்.

நல்லவேளை, அன்றைக்கு நம் கதாசிரியர் அந்த அவையில் இல்லை. இருந்திருந்தால், அவன் தலையைக் கழுவ வெந்நீரும் துண்டும் கொண்டுவரச் சொல்லி அவளையே அனுப்பியிருப்பார். கையோடு ஒரு காபியும். சர்க்கரை அரை ஸ்பூன்.