ஈரவேட்டி இயல்

இராமேசுவரம் போகிறேன் என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள். எந்த நாளில் போகவேண்டும் என்பார் பெரியப்பா. எந்த ரயிலில் என்பார் அலுவலக நண்பர். எந்தக் கடையில் சங்கு வாங்கக்கூடாது என்பார் பக்கத்து வீட்டு அம்மாள். ஈரவேட்டியை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வியல். இதற்கான கள ஆய்வு நான்கு பயணங்களிலும் மூன்று சளிக்காய்ச்சல்களிலுமாக முடிக்கப்பட்டது.

முதல் நூற்பா வருமாறு:

உலர்ந்துழிக் காண்க படிக லிங்கம்;
நனைந்தபின் மாற்றுடை இன்றேல்
கருவறை இன்றே என்மனார் உணர்ந்தோர்.

உரை: ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணியளவில். அதை உலர்ந்த உடம்போடு முடித்துவிட வேண்டும். பிறகு கீழைக் கோபுரத்துக்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், முழுக்கு. அங்கிருந்து சொட்டச் சொட்டத் திரும்பிக் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்றுக் கட்டைமேல் வாளியும் கயிறுமாக நிற்பவர்கள் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு சுவாமி தரிசனம். ஈர உடையோடு உள்ளே விடமாட்டார்கள். ‘உணர்ந்தோர்’ என்றதனால், உணராதார் மாற்றுடையை விடுதியிலேயே விட்டு வருவர் என்பதும் பெற்றாம். முதற்பயணத்தில் இவ்வுரைகாரரும் உணராதாருள் ஒருவர்.

கடல் முன்னும் கிணறு பின்னும் வைத்தது ஏன் என்பது அடுத்த வினா. புராண விடைகள் பல உண்டு. இவ்வாய்வாளர் கண்டது சலவை விடை. கடல்நீரில் நனைந்த துணி காய்ந்தும் காயாது. அதில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நாற்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் காற்றுக்கு ஈரப்பஞ்சமும் இல்லை. மத்தியானம் அப்பளம்போல் மொறமொறத்த வேட்டி ராத்திரியில் பிசுபிசுக்கும். கிணற்றுநீர் அப்படியல்ல. மணல் தீவில் பெய்த மழை கீழே இறங்கி, எடை குறைந்ததாகையால், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குக் கொஞ்சம் தள்ளி மணலைக் கையால் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறுவதும் இதனால்தான். ஆக, மகாலட்சுமி தீர்த்தம் தொடங்கிக் கோடி தீர்த்தம் ஈறாக, ஒரே வேட்டியை 22 தடவை அலசுகிறோம். பாவம் போவதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும். உப்பு போவதற்கு நான் சாட்சி. இக்கருத்தைப் பிராகாரத்தில் எதிர்ப்பட்ட ஓர் அர்ச்சகரிடம் சொன்னேன். “வழிய விடுங்கோ” என்றார். மறுக்கவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

மாற்றுடை எத்தனை என்பதில் மூன்று கட்சிகள் உள. என் மாமா அத்வைதி. வேட்டி ஒன்றே, இரண்டாவது இல்லை, ஈரம் என்பதெல்லாம் வெறும் தோற்றம், உடம்புச் சூட்டிலேயே போய்விடும் என்பது அவர் கொள்கை. அத்தை துவைதி: நனைந்தது வேறு, காய்ந்தது வேறு. துவைதம் என்ற சொல்லே துவைப்பதிலிருந்து பிறந்தது என்று அத்தை சாதிக்கிறாள். மாமாவால் இதை இன்றுவரை முறியடிக்க முடியவில்லை; வீட்டில் துவைப்பது அத்தை. ஒரு வேட்டியும் ஒரு துண்டும் கொண்டுவருகிறவர்கள் விசிஷ்டாத்வைதிகள். நானும் இந்தக் கட்சிதான். ஆனால் அந்தத் துண்டு ஈரிழைத் துண்டாக இருக்கவேண்டும். டர்க்கி டவல் ஒருமுறை குடித்த தண்ணீரை ஊர் போய்ச் சேரும்வரை விடாது. ஜீன்ஸோடு தீர்த்தமாடும் இளைஞர்கள் சார்வாகர்கள். நாளை என்று ஒன்று உண்டு என்பதையே அவர்கள் ஒப்புவதில்லை.

நனைந்ததை எதில் எடுத்துப்போவது? இங்கேதான் ஆய்வு கடினமாகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021-இல் அரசு மஞ்சப்பையை மீண்டும் கையில் கொடுத்தது. மஞ்சப்பையின் பெருமைகள் பல. தண்ணீரைத் தாங்குவது அவற்றுள் ஒன்றன்று. மூன்றாம் பிராகாரத்தில் தூண்கள் 1212 என்பார்கள். நான் எண்ணியதில்லை, ஆனால் எத்தனை தூணைக் கடந்தேன் என்பதைப் பின்னால் வந்தவர்கள் என் பை விட்டுச்சென்ற சொட்டுகளைக் கொண்டே சொல்லியிருக்கலாம். தீர்வை அத்தை கண்டாள்: மூடிபோட்ட எவர்சில்வர் தூக்குவாளி. போகும்போது அதில் புளியோதரை, வரும்போது வேட்டி. வரிசையை மாற்றக்கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது எதுவும் காயாதாகையால், போகிறவர்களுக்கு இவ்வியலால் பயனில்லை.

இனி உலர்த்தல். இந்தத் தீவின் காற்றுக்குப் பேர் உண்டு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியபோதெல்லாம் ரயிலை நிறுத்தி வைத்தார்கள். ரயிலையே நிறுத்திய காற்று ஒரு வேட்டியைக் காயவைக்காதா என்று துணிந்து, தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். ஆட்டோக்காரர் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். “அண்ணே, சீட்டு நனைஞ்சிரும். நின்னுக்கிட்டு வாரீகளா?” என்றார். தூக்குவாளியின் மூடியைப் போட்டு அதன்மேல் மாமா உட்கார்ந்து வந்தார்.

2017 முதல் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை. வடக்கே அலையடங்கிக் கிடக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே இரைகிற மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். முனையில் நீரோட்டம் பொல்லாதது. எந்தக் கடலிலும் இறங்கவேண்டாம். இருட்டுவதற்குள் திரும்பிவிடவும் வேண்டும். என் வேட்டியை வாளியிலிருந்து எடுத்து, நானும் மாமாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாமாவின் கைக்கடிகாரப்படி பதினொரு நிமிடத்தில் காய்ந்துவிட்டது. ஆனால் தெற்குக் கடலின் சாரல் அதே பதினொரு நிமிடமும் அதன்மேல் படிந்தது. மடிக்கும்போது பிசுபிசுப்பு கையில் தெரிந்தது. இருபத்திரண்டு அலசலும் வீண்.

திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்தருகே ஆட்டோ நின்றது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடி ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோயிற்று. அந்த ஈரம் இவ்வியலின் பொருளன்று. அச்சுவர்களில் வேட்டி காயப்போடாதீர்கள்.

அங்கே பாசிமணி விற்றுக்கொண்டிருந்த அம்மா என் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். “இதுக்கு ஏன்யா இம்புட்டுப் பாடு? கட்டிக்கிட்டே நடந்திருந்தா தன்னால காஞ்சிருக்கும்ல” என்றார். மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஒற்றை வேட்டி அதற்குள் இடுப்பிலேயே காய்ந்திருந்தது. விடுதிவரைக்கும் அவர் முகத்தில் இருந்த பிரகாசத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம்.

ராத்திரி ரயிலில் அத்தை ஒன்றும் பேசவில்லை. மாமாவின் தும்மலை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். மானாமதுரை வருவதற்குள் ஏழு.