வண்டிக்கு ஒரு கொட்டகை

கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருக்கிறார் என்று தமிழர்களுக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் பங்காருபேட்டையில் அது கொஞ்சம் கூடுதல். பக்கத்துத் தங்கவயலில் சயனைடு மேட்டின்மேல் செட் போட்டு ‘கே.ஜி.எஃப்’ படம் எடுத்தார்களே, அன்றிலிருந்து. ஆகவே என் வீட்டு வாசலில் ஜன்னலுக்குத் திரை போட்ட நீள வண்டி ஒன்று வந்து நின்றதும் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். கதவு திறந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லில் பிரஷ்ஷோடு என் மச்சான் இறங்கினான்.

ரிடையர் ஆன பணம் கையில் இருக்கும் ஆளைத் தனியாக மச்சானோடு விடக்கூடாது. “மாமா, ஓட்டல் ரூம் வாடகையே மிச்சம்” என்றான். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாற்றத்தைப் பதிந்து முடித்தபோது, மிச்சமான வாடகையில் ஏலகிரியில் ஒரு ஓட்டலையே எழுதி வாங்கியிருக்கலாம்.

வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை, ஏலகிரிக்கு ஒரு தடவை. ஆசை அடங்காமல், கூப்பிடு தூரத்தில் இருக்கும் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய் ஒரு ராத்திரி வண்டியிலேயே படுத்துவிட்டு வந்தோம். அந்தக் கோயில் வரலாற்றில் அப்படிச் செய்த உள்ளூர்க் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். ஆக மொத்தம் வருஷத்தில் எட்டு நாள் ஓட்டம். மீதி 357 நாள் அதை எங்கே நிறுத்துவது என்று எந்த மச்சானும் சொல்லித் தருவதில்லை.

இந்த விஷயத்தில் ரயில்வேக்காரன் கெட்டிக்காரன். இங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894இலேயே லைன் போட்டான். வண்டி ராத்திரி அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் பெங்களூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும். வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களிலும் வண்டிக்குத் தனி ஷெட் இருந்தது. மைன்ஸில் இறங்கியவர்களுக்குத்தான் லைன் வீடு. படுத்துக் காலை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் இடிக்கும்.

அப்படி ஒரு லைன் வீட்டில், சாம்பியன் ரீஃபில், என் அக்கா இருக்கிறாள். முதலில் அங்கேதான் கொண்டுபோய் விட்டேன். பொதுக் குழாய்க்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் தெரிந்தது. வெற்றிடம் இல்லையாம், குடங்கள் வரிசை நிற்கும் இடமாம். அதை எனக்குப் புரியவைத்த பெண்களின் தமிழை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். ஆடிக் காற்று எடுத்தது. மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும் சயனைடு மேடுகள் மூடவில்லையே. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், காற்றடித்தால் ஊரையே வெளுக்கும். “டேய், உன் வண்டிக்கு யாரோ இட்லி மாவு பூசிட்டாங்கடா” என்று அக்கா போன் செய்தாள்.

ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளியான அத்திம்பேர் ஒரு யோசனை சொன்னார்: “ஷாஃப்ட்டுக்குள்ள இறக்கிடேன், நிழலாவது கிடைக்கும்.” சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனவர்கள் இவர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடியபின் கீழே தண்ணீர் ஏறிவிட்டது. பூமிக்குள் அவ்வளவு தூரம் தோண்டிய ஊரில், பூமிக்கு மேலே எனக்கு இருபது அடி கிடைக்கவில்லை.

அடுத்து ஒரு நண்பரின் மாந்தோப்பு. வண்டியை நிறுத்திவைப்பது ஓட்டுவதைவிடப் பெரிய வித்தை என்று அப்போதுதான் மெக்கானிக் பாய் பாடம் நடத்தினார். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட வேண்டும். டீசல் டாங்கை நிரப்பி வைக்க வேண்டும், காலியாக விட்டால் உள்ளே ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். ஹேண்ட் பிரேக் போடவே கூடாது, பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முட்டுக்கல் போதும். மாதம் ஒரு தடவை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஒரே பக்கம் சப்பையாகிவிடும். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் உள்ளே வேர்க்கும். சிலிண்டரை இறக்கிவிட வேண்டும். தின்பண்டம் ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது.

எல்லாம் செய்தேன், கடைசி ஒன்றைத் தவிர. கட்டிலுக்கடியில் என் மனைவி மறந்துவிட்ட அரை கிலோ பொரிகடலை இருந்தது. எலிகள் அதைத் தின்றுவிட்டு, வாய் ருசிக்கு வயரையும் தின்றன. போட்டிருந்த அந்துருண்டைகளை ஒரு ஓரமாக உருட்டி வைத்திருந்தன. முன்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்ப என் மனைவி சம்மதிக்கவில்லை. இருபத்தோரு நாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நிற்கிறது. நல்ல காம்பவுண்டு, வாட்ச்மேன் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: முகூர்த்த நாளில் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். அதனால் எங்கள் உல்லாசப் பயணங்களைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது. வைகாசி வந்தால் போதும், ஊரார் எல்லாரும் பட்டு கட்டிக்கொண்டு பந்திக்குப் போகும்போது, நானும் மனைவியும் பெத்தமங்கலம் ஏரிக்கரையில் வண்டிக்குள் உட்கார்ந்து உப்புமா தின்கிறோம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அப்போது வீட்டிலேயே இருக்கிறோம். சொந்தக்காரர்கள் மொய்க்குப் பயந்து ஓடுவதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

போன ஆவணியில் அதுவும் கெட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் முந்தின ராத்திரியே வண்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டார். மண்டபம் கொடுத்த ஏ.சி. ரூம் என்று நினைத்தாராம். காலையில் எங்களோடு ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான் எழுந்தார். தாலி கட்டும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

பங்காருபேட்டை சுற்றுவட்டாரத்தில் இருபதடி நீளம், எட்டடி அகலத்தில், குழாய், எலி, முகூர்த்தம் மூன்றும் இல்லாத இடம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வாடகை மாதம் பிறந்ததும் கைக்கு வந்துவிடும். கோழி முட்டையிட்டால் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.